மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மருந்து: எந்த வகை, எவ்வளவு, எப்படி முடிவு செய்வது?

கோபி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்கு வயது 49. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். முன்பின்னாக வந்துகொண்டிருந்த மாதவிடாய் சென்ற ஆண்டு சித்திரையோடு நின்றது, ஓராண்டு கடந்துவிட்டது. கர்ப்பப்பை இருக்கிறது, அதில் சிறிய நார்க்கட்டி ஒன்றும் இருக்கிறது. தைராய்டு குறைவுக்குப் பல ஆண்டுகளாகத் தைராக்சின் சாப்பிடுகிறேன். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு. அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவின் அக்காவுக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. நெருங்கிய உறவில் வேறு யாருக்கும் இல்லை.

பகலில் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து முகம்வரை சூடு குப்பென்று ஏறி, ரவிக்கை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. இரவில் அதே சூட்டில் விழித்தால் மறுபடி தூக்கம் வருவதில்லை. விரல் மூட்டுகளில் வலி, காரணமில்லாத எரிச்சல், சிறுநீர் கழிக்கும்போது அடிக்கடி கடுப்பு. கணவருடன் சேர்வது வலி தருவதாகிவிட்டதை இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

நான் பார்த்த மகப்பேறு மருத்துவர் எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல் தினமும் ஓர் அளவும், புரொஜெஸ்ட்ரோன் 100 மி.கி. கேப்சூல் இரவில் ஒன்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் தொடங்கவில்லை. திருப்பூரில் இருக்கும் என் நங்கை (அண்ணி) ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஒன்று மட்டும்தான் சாப்பிடுகிறார். எனக்கு மட்டும் ஏன் இரண்டு மருந்து? மாத்திரைக்குப் பதில் ஜெல் ஏன்? இந்த அளவு போதுமா, அதிகமா என்பதை யார், எதை வைத்துச் சொல்வது? வீட்டில் எல்லோரும் ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களும் மருந்தைச் சாப்பிட்டுப் பார்த்தவர்களும் பொறுமையாக விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

பனியன் ஊர்:

டீச்சர், உங்கள் நங்கையின் நிலைதான் என்னுடையதும் என்று நினைக்கிறேன். எனக்கு 41 வயதில் பெரும் உதிரப்போக்கு காரணமாகக் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும் என்பது மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. அதனால் அவருடைய சீட்டையும் உங்கள் சீட்டையும் ஒப்பிடாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு வரும் மாதவிடாய் நிறுத்தம் மெதுவாக இறங்கிவருவதில்லை. ஒரே நாளில் ஹார்மோன் விழுந்துவிடுகிறது. தையல் பிரிப்பதற்குள் வியர்வை தொடங்கியது. எஸ்ட்ராடயால் வேலரேட் 1 மி.கி. மாத்திரையில் ஆரம்பித்தோம். கம்பெனியில் ஷிப்ட் முழுவதும் நின்று வேலை பார்க்கிற எனக்கு அது போதவில்லை என்று குறிப்பேட்டோடு போய்ச் சொன்னதும் 2 மி.கி. ஆக்கினார்கள். இளவயதில் சினைப்பையை இழந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதல் அளவு தேவைப்படுவது வழக்கம் என்றும், இயற்கையாக நிற்கும் வயது வரைக்குமாவது விடாமல் எடுத்தால்தான் எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது என்றும் விளக்கினார்கள். அறுவைக்கு முன்பே இதை ஒருவர் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லப்படும் ஒவ்வொரு பெண்ணும் “சினைப்பையையும் எடுப்பீர்களா, எடுத்தால் பிறகு என்ன மருந்து தருவீர்கள்?” என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஈரோட்டு மகப்பேறு மருத்துவர்:

டீச்சரம்மா, உங்களை நேரில் பரிசோதிக்காமல் சீட்டை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் விடை உண்டு. உங்கள் மருத்துவர் எழுதியதில் நல்ல காரணங்கள் தெரிகின்றன.

முதலில், ஏன் இரண்டு மருந்து என்பது. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கும். அதைத் தடுக்க எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் வளரவிட்டால் சவ்வு தடித்து, சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறலாம். புரொஜெஸ்ட்ரோன் அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே கர்ப்பப்பை உள்ள பெண் ஜெல்லை மட்டும் போட்டுக்கொண்டு கேப்சூலை விட்டுவிடுவது ஆபத்து. தூக்கம் வருகிறது, வயிறு உப்புகிறது என்று கேப்சூலைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் நான் உண்மையில் கவலைப்படுகிறேன்.

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகிவிட்டதால் உங்களுக்குத் தினமும் 100 மி.கி. என்ற தொடர்முறை பொருந்துகிறது. இன்னும் அவ்வப்போது மாதவிடாய் வருபவர்களுக்கு இப்படித் தொடர்ந்து கொடுத்தால் கணக்கில்லாமல் உதிரம் படும். அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தினமும் கொடுத்து, புரொஜெஸ்ட்ரோனை மாதத்தில் 12 முதல் 14 நாட்களுக்கு மட்டும் 200 மி.கி. வீதம் தருவோம், அது முடிந்ததும் ஓர் ஒழுங்கான உதிரப்போக்கு வரும்.

ஜெல் ஏன் என்பது இரண்டாவது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறைவதற்கான புரதங்கள் கூடுகின்றன. கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டு உண்டாகும் வாய்ப்பு உயர்கிறது. பித்தப்பைக் கல்லுக்கான வாய்ப்பும் சற்றுக் கூடும். தோல்வழி ஜெல்லும், தோலில் ஒட்டும் பேட்ச்சும் கல்லீரலை முதலில் தொடாமல் ரத்தத்தில் சேர்வதால், வழக்கமான அளவில் ரத்தக்கட்டு அபாயம் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ரத்த அழுத்தம், உடல் பருமன், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு நாங்கள் தோல்வழியை விரும்புவதன் காரணம் இதுவே. உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: வாய்வழி ஈஸ்ட்ரோஜன் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தை உயர்த்துவதால், தைராக்சின் சாப்பிடுபவர்களுக்கு அதன் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். ஜெல்லில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை. தைராய்டு சரியில்லாமல் வரும் படபடப்பையும் சோர்வையும் ஹார்மோன் போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போவது வீண்.

இனி அளவு. வழக்கமான 0.06 சதவீத ஜெல்லில் 1.25 கிராமுக்கு 0.75 மி.கி. எஸ்ட்ராடயால் இருக்கும், பம்பு புட்டியில் ஒருமுறை அழுத்தினால் வருவது இது. பிரிட்டன் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒப்பீட்டின்படி ஒரு பம்பு, 25 மைக்ரோகிராம் பேட்ச், 1 மி.கி. மாத்திரை ஆகிய மூன்றும் குறைந்த அளவு. இரண்டு பம்பு, 50 மைக்ரோகிராம் பேட்ச், 2 மி.கி. மாத்திரை ஆகியவை நடுத்தர அளவு. இவை தோராயமானவை. ஒருவரின் தோல் உறிஞ்சுவது போல் மற்றவரின் தோல் உறிஞ்சுவதில்லை. ஆகவே குறைவில் தொடங்கி, மூன்று மாதம் பொறுத்து, தொல்லை எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தே அடுத்த படி. ரத்தத்தில் சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோனைப் பார்த்து அளவை முடிவு செய்வதில்லை. 45 வயதைக் கடந்து இப்படித் தெளிவான அறிகுறிகள் உள்ளவருக்கு மாதவிடாய் நிறுத்தத்தைக் கண்டறியவும் அது தேவையில்லை. தோல்வழி அளவைக் கூட்டியும் பலனில்லாதபோது மட்டும் எஸ்ட்ராடயால் அளவைப் பார்ப்பது சில நேரம் உதவும்.

புற்றுநோய்ப் பயத்தைப் பற்றி. அந்தப் பயத்தின் பெரும்பகுதி 2002இல் அமெரிக்காவில் இடையில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்விலிருந்து வந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனோடு மெட்ராக்சிபுரொஜெஸ்ட்ரோன் என்ற செயற்கை மருந்தைச் சேர்த்து, 16,608 பெண்களை வைத்து நடந்த ஆய்வு அது. அவர்களின் சராசரி வயது 63. அதில் மருந்து எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டுக்குக் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அபாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூட்டு மருந்தில் அபாயம் சிறிதளவு உண்டு. எடுக்கும் ஆண்டுகள் கூடக் கூட அதுவும் கூடும். ஆனால் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால் நன்மையே மிகுதி என்பதுதான் இன்றைய மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடு. பெரியம்மாவுக்கு 68 வயதில் வந்தது என்பது மட்டும் உங்களுக்குத் தடையாகாது. தொடங்கும் முன் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுத்து, நார்க்கட்டியின் அளவையும் ஸ்கேனில் குறித்துவையுங்கள். ஈஸ்ட்ரோஜனில் கட்டி வளர்ந்தால் ஒப்பிட அது வேண்டும்.

தமக்கே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள், ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாதம் கண்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டுக் கடையில் வாங்கிவிடக் கூடாது.

ஆனைமலை அடிவாரம்:

மருத்துவரை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டும். என் அமுச்சி (பாட்டி) எந்த மருந்தும் இல்லாமல் தொண்ணூறு வயதுவரை தென்னந்தோப்பில் நடமாடினார். இது நோயல்ல, உடம்பின் இயற்கை. இரண்டு ஆண்டு பொறுத்தால் தானே அடங்கிவிடாதா? உளுந்தங்களி, எள்ளு, சோயா என்று உணவிலேயே வழி இருக்கும்போது, நலமாக இருக்கும் ஒரு பெண்ணை ஏன் மருந்துக்குப் பழக்க வேண்டும்?

மஞ்சள் காடு:

அக்கா, உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. தொல்லை இலேசாக இருப்பவர்கள் மெல்லிய பருத்தி உடை, இரவில் காரமான உணவையும் காப்பியையும் தவிர்ப்பது, எடையைக் குறைப்பது ஆகியவற்றிலேயே சமாளிக்கிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டில் அடங்கும் என்பது பலருக்குப் பொருந்துவதில்லை. அமெரிக்காவில் நடுவயதுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், அடிக்கடி சூடு ஏறும் தொல்லை இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. டீச்சர் ஓய்வு பெறும் வரைக்கும் தூங்காமல் பாடம் எடுக்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியுமா?

உணவைப் பற்றி எனக்கும் அக்கறை உண்டு. ராகியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மி.கி. சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. வேண்டும் என்று பல வழிகாட்டுதல்கள் சொல்வதால், களியும் தயிரும் எள்ளும் கீரையும் நம் தட்டில் இருப்பது நல்லது. ஆனால் அது எலும்புக்கான உணவு. சூட்டை அடக்கும் மருந்து அல்ல. மூளையில் உடலின் வெப்பத்தைச் சீர்படுத்தும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சிறிய வெப்ப மாற்றத்தைக்கூடப் பெருஞ்சூடாக எண்ணித் தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்துவிடுகிறது. அந்தக் கோளாற்றைக் களி சரிசெய்யாது. சோயாவால் சிலருக்குச் சிறிய பலன் தெரிந்தாலும் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அமுச்சி காலத்துப் பெண்கள் தொல்லையில்லாமல் இருந்தார்களா, சொல்லாமல் இருந்தார்களா என்பது நமக்குத் தெரியாது. கூன் விழுந்தவர்களும், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எழாமல் போனவர்களும் நம் ஊர்களில் குறைவா?

நாமக்கல் செவிலியர்:

மகப்பேறு பிரிவில் பல ஆண்டுகள் பணி செய்தவள் என்ற முறையில் புரொஜெஸ்ட்ரோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான பெண்கள் மருந்தை விடுவது இதனால்தான்.

மைக்ரனைஸ்டு (நுண்துகளாக்கிய) புரொஜெஸ்ட்ரோன் கேப்சூல் மயக்கம் போன்ற தூக்கம் தரும். காலையில் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. படுக்கப் போகும்போதுதான் எடுக்க வேண்டும். தூக்கமில்லாதவர்களுக்கு இந்தக் குணமே உதவியாகிவிடுகிறது. சிலருக்கு மட்டும் மனம் சோர்ந்துபோவது, மார்பு கனப்பது, வயிறு உப்புவது ஆகியவை தாங்க முடியாதபடி இருக்கும். அவர்கள் மருத்துவரிடம் சொன்னால் அதே வகையைச் சேர்ந்த டைட்ரோஜெஸ்ட்ரோனுக்கு மாற்றலாம். அல்லது புரொஜெஸ்ட்ரோன் போல வேலை செய்யும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 52 மி.கி. உள்ள சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால், ஐந்து ஆண்டுக்கு உட்சவ்வுப் பாதுகாப்பு கிடைக்கும், வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் போதும். பெரும் உதிரப்போக்கு உள்ளவர்களுக்கு அது இரட்டைப் பயன். கேப்சூல் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் ஹார்மோன் சிகிச்சையே ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்று, நம் பக்கத்தில் மிகவும் அவசியமானது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போதும், மாரியம்மன் நோன்பின்போதும் மாதவிடாயைத் தள்ளிப்போட நாரெத்திஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று வீதம் கடையிலேயே வாங்கிச் சாப்பிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. “அதுவும் ஹார்மோன்தானே, வீட்டில் மீதி இருக்கிறது, சூட்டுக்குச் சாப்பிடலாமா?” என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. கூடாது. அந்த அளவில் அதன் ஒரு பகுதி உடலில் எத்தினைல் எஸ்ட்ராடயால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது; ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் கண்ணில் மின்னல் தெரியும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அது ஆபத்து.

ஜெல் போடும் முறையும் அளவின் ஒரு பகுதிதான். மேற்கையின் வெளிப்புறத்திலோ தொடையின் உட்புறத்திலோ, குளித்துத் துடைத்த உலர்ந்த தோலில் மெல்லப் பரப்ப வேண்டும். மார்பில் தடவக் கூடாது. செவ்வாய், வெள்ளியில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் எண்ணெய்ப் பிசுக்கு முற்றிலும் போன பிறகே போட வேண்டும். மஞ்சள் பூசிய இடத்திலும் வேண்டாம். காயும்வரை சேலையோ நைட்டியோ மேலே படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குக் கழுவக் கூடாது. அதுவரை பேரக் குழந்தையை அந்தக் கையில் தூக்கவும் வேண்டாம், மருந்து குழந்தையின் தோலுக்குப் போய்விடும். டியூபாக வாங்குபவர்கள் “கொஞ்சம்” என்று பிதுக்காமல் கிராம் கணக்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேட்ச் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பங்குனி, சித்திரை வியர்வையில் நழுவிவிடுவதாகச் சொல்கிறார்கள்.

பவானிக் கரை:

எனக்கு 46 வயது. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, ஆனால் சூடும் தூக்கமின்மையும் இப்போதே தொடங்கிவிட்டன. முழுவதுமாக நின்ற பிறகுதான் மருந்து தருவார்களா? ஹார்மோன் எடுத்தால் கருத்தரிக்கும் பயம் இல்லையல்லவா?

ஈரோட்டு மகப்பேறு மருத்துவர்:

நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை அம்மிணி. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயதே 46, 47 தான். நீங்கள் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். மேலே சொன்ன, மாதத்தில் சில நாட்கள் மட்டும் புரொஜெஸ்ட்ரோன் தரும் சுழற்சி முறை உங்களுக்குப் பொருந்தலாம். ஆனால் இந்தச் சிகிச்சை கருத்தடை அல்ல. 50 வயதுக்கு முன் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டும், 50க்குப் பின் நின்றால் ஓராண்டும் கருத்தடை தொடர வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவராக இருந்தால் இந்தக் கவலை இல்லை. போக்கு அதிகமாக இருந்தால் ஹீமோகுளோபினையும் பாருங்கள். ரத்தசோகையின் படபடப்பும் மூச்சு வாங்கலும் இதனோடு குழம்பும்.

தாராபுரம் சாலை:

ஒரு சிறு எச்சரிக்கை. இரவு வியர்வை எல்லாமே மாதவிடாய் நிறுத்தம் அல்ல. கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்கினாலும் உடல் நனையும். அந்த நேரத்தில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எடை குறைந்து, மாலையில் காய்ச்சலும் விடாத இருமலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். என் சித்திக்கு வயதைக் காரணம் காட்டி எல்லோரும் மாதவிடாய் நிறுத்தம் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். சளிப் பரிசோதனையில்தான் காசநோய் தெரிந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நலமாக இருக்கிறார்.

அவிநாசி மகள்:

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து, நோய் திரும்பாமலிருக்க டமாக்சிஃபென் மாத்திரை நடக்கிறது. சூடு ஏறுவது மிகக் கடுமை. ஹார்மோன் கூடாது என்று தெரியும். அவருக்கு வேறு வழியே இல்லையா?

ஈரோட்டு மகப்பேறு மருத்துவர்:

வழி உண்டு, ஆனால் எதையும் அவருடைய புற்றுநோய் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். வென்லாஃபாக்சின் குறைந்த அளவில் சூட்டைக் குறைக்கும். இரவுத் தொல்லைக்குக் கபாபென்டின் தரலாம், தூக்கமும் வரும். பராக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்து சூட்டைக் குறைத்தாலும், டமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவமாக மாறுவதை அது தடுப்பதால் உங்கள் அம்மாவுக்குத் தவிர்க்க வேண்டும். இதை மனநல மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள். மாதவிடாய் நிறுத்தத் தொல்லைக்குத் தரப்படும் டிபோலோன் மாத்திரை ஹார்மோன் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு அது நோயைத் திரும்ப வரவைத்ததாக ஆய்வில் தெரிந்தது. மூளையின் வெப்பச் சீர்படுத்தும் நரம்புகளில் நேரடியாக வேலை செய்யும் ஃபெசோலினெடன்ட் அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்றது. அதை எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனை தவறாமல் வேண்டும். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் சூட்டினால் வரும் தவிப்பைக் குறைப்பதாக நல்ல சான்று இருக்கிறது.

கோபி டீச்சர்:

நான்கு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன்; தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மேமோகிராம், ஸ்கேன், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தபின் மருந்தைத் தொடங்கினேன். பனியன் ஊர் சகோதரி சொன்னதுபோல் ஒரு நோட்டில், சூடு எப்போது ஏறியது, இரவில் எத்தனை முறை விழித்தேன், உதிரம் பட்டதா என்று நாள்தோறும் குறித்தேன். வகுப்புத் தேர்வு மதிப்பெண் போல அதை வரைபடமாகப் போட்டபோது, முதல் மாதத்தில் மாற்றம் அதிகமில்லை, இரண்டாம் மாதத்தில் பகல் சூடு பாதியாகக் குறைந்தது, இரவு விழிப்பு மட்டும் விடவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. மூன்று மாத முடிவில் அந்தத் தாளைக் காட்டியதும் மருத்துவர் இரண்டு நிமிடத்தில் முடிவு செய்தார்: ஜெல் இரண்டு பம்பு, கேப்சூல் அதே 100 மி.கி., வேறெதையும் மாற்ற வேண்டாம். இப்போது பெரும்பாலான இரவுகளில் விடியும்வரை தூங்குகிறேன். டிஎஸ்எச் மாறவில்லை.

சிறுநீர்க் கடுப்பும் சேர்க்கை வலியும் ஜெல்லால் போதுமான அளவு குறையவில்லை. அதற்கு எஸ்ட்ரியால் கிரீம், முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை உள்ளே வைக்கச் சொன்னார். சொல்லக் கூச்சப்பட்டேன், கேட்டபின் அவர் மிக இயல்பாகப் பேசினார்.

இரண்டு கேள்விகள் மிச்சம். அளவைக் கூட்டியபின் இரண்டு முறை இலேசாக உதிரம் பட்டது, பயப்பட வேண்டுமா? இந்த மருந்தை எத்தனை ஆண்டு எடுப்பது?

ஈரோட்டு மகப்பேறு மருத்துவர்:

தொடர்முறையில் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களிலும், அளவை மாற்றியபின் சில மாதங்களிலும் இலேசாக உதிரம் படுவது வழக்கம். ஆறு மாதத்தைக் கடந்தும் தொடர்ந்தாலோ, முற்றிலும் நின்றபின் புதிதாக வந்தாலோ, போக்கு அதிகமானாலோ, உடனே உட்சவ்வின் தடிப்பைப் பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் சவ்விலிருந்து சிறிது எடுத்துப் பரிசோதிப்பார்கள். உங்களுக்கு நார்க்கட்டியும் இருப்பதால் காத்திருக்கும் காலத்தை நீட்ட வேண்டாம். அடுத்த மாதமும் பட்டால் போய்க் காட்டுங்கள். இரண்டு பம்புக்கு மேல் போக நேர்ந்தால் புரொஜெஸ்ட்ரோன் போதுமா என்பதையும் அவர் மறுபடி கணக்கிடுவார். ஈஸ்ட்ரோஜன் கூடும்போது அதையும் சில நேரம் கூட்ட வேண்டியிருக்கும்.

எத்தனை ஆண்டு என்பதற்குக் கட்டாய எல்லை கிடையாது. ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், எடை, புதிதாக வந்த நோய்கள், குடும்பத்தில் புதிய செய்தி எல்லாவற்றையும் பார்த்து, இன்னும் தேவையா, குறைந்த அளவு போதுமா என்று இருவரும் பேசி முடிவெடுப்பீர்கள். நிறுத்த விரும்பினால் சில மாதம் இரண்டு பம்பை ஒன்றாக்கி, பிறகு விடலாம். திடீரென்று நிறுத்தினால் பலருக்குச் சூடு உடனே திரும்பும். எஸ்ட்ரியால் கிரீமை மட்டும் வேண்டிய காலம்வரை தொடரலாம். அந்தச் சிறிய அளவு ரத்தத்தில் அதிகம் சேர்வதில்லை, அதற்கென்று தனியாகப் புரொஜெஸ்ட்ரோனும் வேண்டாம். அதை விட்டுவிட்டால் வறட்சி தானே சரியாவதில்லை.

பவானிக் கரை:

டீச்சர், அந்த நோட்டின் ஒரு பக்கத்தை எப்படிக் கோடு போட்டீர்கள் என்று எழுத முடியுமா? வரும் புதன்கிழமை எனக்கு முதல் சந்திப்பு இருக்கிறது.

கோபி டீச்சர்:

தாராளமாக. இடப்பக்கம் தேதி, அடுத்துப் பகலில் சூடு ஏறியதன் எண்ணிக்கை, இரவில் விழித்தது, உதிரம் இருந்ததா, அன்று மருந்து போட்டது அல்லது விட்டது, கடைசியில் மனநிலைக்கு ஒரே சொல். உங்களுக்கு மாதவிடாய் இன்னும் வருவதால் அதன் முதல் நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பெயரையும் அளவையும் முதல் பக்கத்திலேயே எழுதி, பழைய ஸ்கேன் தாளோடு எடுத்துச் செல்லுங்கள்.